குளோன் ஆச்சு... ஆனா கம்ப்யூட்டர் எழுந்திருக்கலையே!

சித்தப்பாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என அந்த ஏரியாவின் நல்லது கெட்டது எல்லாமே ஒரே ஒரு டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் வந்தது.

"சி டிரைவ் சிவப்பாயிடுச்சும்மா. ஒரு ஃபைல் சேவ் பண்ண ரெண்டு நிமிஷம் சுத்துது. நீதான் பேப்பர்ல கம்ப்யூட்டர் பத்தி எழுதுறியே, வந்து பாரேன்."

பேப்பர் இல்லை சித்தப்பா, ஆன்லைன் என்று திருத்தாமல் பஸ் ஏறினேன்.

உள்ளே இருந்தது 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. புதிதாக 1 டி.பி. வாங்கிப் போட்டு, விண்டோஸை ஃப்ரெஷ்ஷாக ஏற்றிவிடலாம் என்றேன். சித்தப்பா பதறிவிட்டார். பேஜ்மேக்கர், பழைய தமிழ் டைப்பிங் மென்பொருள், யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்கள்... எதற்கும் சி.டி. இல்லை. விற்ற கடையும் இல்லை. ஆக, அப்படியே குளோன் எடுப்பதுதான் ஒரே வழி. ஃபைல்களை மட்டும் காப்பி பண்ணுவது குளோன் ஆகாது. விண்டோஸ், மென்பொருள்கள், கண்ணுக்குத் தெரியாத பூட் பகுதிகள் என டிரைவில் உள்ள எல்லாம் இன்னொரு டிரைவுக்கு மாறணும்.

கேட்க ஈஸியாத்தான் இருக்கும். எனக்கு ரெண்டரை நாள் ஆச்சு.

புதிய டிரைவ் என்.வி.எம்.இ. வகை. மதர்போர்டில் அதற்கான ஸ்லாட் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருந்தது. கழற்றச் சோம்பல்பட்டு, யு.எஸ்.பி. கேஸில் போட்டு இலவச குளோனிங் மென்பொருளை ஓடவிட்டேன். 61 சதவிகிதத்தில் 'ரீட் எரர்' என்று நின்றது. மறுபடி ஓட்டினேன், அதே 61.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் கேபிளையோ மென்பொருளையோ சந்தேகப்படுவதற்கு முன் பழைய டிரைவைச் சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், மஞ்சள் நிறத்தில் 'காஷன்'. டிரைவ் உடம்பு சரியில்லாமல்தான் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது. இந்த நிலையில் குளோன், ரிப்பேர் எல்லாம் ரெண்டாவது வேலை. முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுவது. சித்தப்பாவின் 'கஸ்டமர்' ஃபோல்டர் முழுசாக வெளியே வந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடே இறங்கியது.

அதன் பிறகு சி டிரைவில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், டூல்ஸ் பகுதியில் எரர் செக்கிங். பிறகு குளோன்ஸில்லா. இதை பென் டிரைவிலிருந்து நேரடியாக பூட் செய்யலாம். விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வேலை முடியும். இதில் 'ரெஸ்க்யூ' என்று ஓர் ஆப்ஷன் உண்டு. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் மிச்சத்தை எடுத்துவிடும். அந்த இடத்தில் இருந்த ஃபைல் கெட்டுப்போயிருக்கலாம், அது தெரிந்தேதான் இதைத் தொடணும். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் காலி டிரைவ் நிறைந்த டிரைவை அழித்துவிடும். டிரைவின் அளவைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன்.

குளோன் முடிந்தது. டிரைவை ஸ்லாட்டில் மாட்டினேன். கம்ப்யூட்டர் ஆன் ஆனது, எல்லா ஐகானும் இருந்தது. வெற்றி! சித்தி சுட்ட தோசையைச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் சித்தப்பா: "ஸ்பீடு ஒண்ணும் தெரியலையேம்மா. சி டிரைவும் சிவப்பாத்தான் இருக்கு."

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், ஓடிக்கொண்டிருந்தது பழைய டிரைவ். புதிதின் மேல் 'ஆஃப்லைன்' என்று போட்டிருந்தது. ரெண்டுக்கும் ஒரே டிஸ்க் அடையாள எண் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடுகிறது. அங்கே 'ஆன்லைன்' கொடுக்க கை பரபரக்கும், கொடுக்காதீர்கள். கொடுத்தால் புதிய டிரைவின் அடையாள எண்ணை விண்டோஸ் மாற்றிவிடும், பிறகு அது பூட் ஆவதே சிரமம். குளோன் எடுத்த பின் முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிரைவைக் கழற்றி வைப்பதுதான் சரி. இதை நான் முதலிலேயே செய்திருக்கணும்.

கழற்றினேன். கறுப்புத் திரை. 'பூட் டிவைஸ் இல்லை.'

காரணம் பிடிபட மதியம் ஆனது. பழைய டிரைவ் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் இருந்தது. என்.வி.எம்.இ. டிரைவிலிருந்து விண்டோஸ் எழுந்திருக்க, பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் யு.இ.எஃப்.ஐ. முறையும் ஜி.பி.டி. அமைப்பும் வேண்டும். நல்லவேளை, 2017 முதல் விண்டோஸ் 10-லேயே எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவி இருக்கிறது. 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும். முதலில் 'வேலிடேட்', அது சரி என்றால் மட்டும் 'கன்வெர்ட்'. டேட்டா அழியாமல் மாறிவிடும். பிறகு பயாஸில் லெகஸியை யு.இ.எஃப்.ஐ.-க்கு மாற்றி, பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் வர வைக்கணும். இந்தப் பரிசோதனையை குளோனில் மட்டுமே செய்யுங்கள். ஒரிஜினலில் கை வைக்கவே கூடாது.

விண்டோஸ் லோகோ வந்தது. சித்தப்பா கைதட்டினார். உடனே நீலத் திரை: 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்.' அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

உண்மையில் இது பயப்பட வேண்டிய எரர் இல்லை. சாட்டா டிரைவில் ஓடிப் பழகிய விண்டோஸுக்கு, என்.வி.எம்.இ. டிரைவரை ஆரம்பத்திலேயே ஏற்றணும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு முறை சேஃப் மோடில் எழுப்பினால் பெரும்பாலும் அதுவே கற்றுக்கொள்ளும். லோகோ வரும்போது மூன்று முறை பவரை நிறுத்தினால் ரிப்பேர் திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4-ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் திரை வந்ததும் ஒன்றும் செய்யாமல் சாதாரணமாக ரீஸ்டார்ட். எங்களுக்கு வந்துவிட்டது. பேஜ்மேக்கரும் திறந்தது, ஃபான்ட்டும் வந்தது.

1 டி.பி. போட்டும் சி டிரைவ் 240-ஐ ஒட்டித்தான் காட்டியது. காலி இடம் டிரைவின் கடைசியில் கிடக்க, நடுவே ரெகவரி போன்ற குட்டிப் பார்ட்டிஷன்கள் மறித்துக்கொண்டிருந்தன. ஒட்டியபடி வலப்பக்கம் காலியாக இருந்தால்தான் டிஸ்க் மேனேஜ்மென்ட் நீட்டும். ஒரு பார்ட்டிஷன் மென்பொருளில் அவற்றைக் கடைசிக்கு நகர்த்தியதும் சரியானது.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் 11 பலவற்றில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கும் (பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன்). குளோன் எடுக்கும் முன் அதை ஆஃப் செய்து, முழுசாக முடியும்வரை காத்திருங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும் 48 இலக்க ரெகவரி கீயையும் பேப்பரில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் நீலத் திரையில் மாட்டினால், அப்புறம் என்னால் மட்டுமல்ல, யாராலும் திறக்க முடியாது. வாங்கும் முன் ஸ்லாட்டையும் பாருங்கள். எம்.2 என்று ஒரே வடிவத்தில் சாட்டாவும் வருகிறது, என்.வி.எம்.இ.-யும் வருகிறது.

கிளம்பும்போது பழைய டிரைவை ஒரு பத்திரிகைக் கவரில் போட்டு, தேதி எழுதி மேஜை டிராயரில் வைத்தேன்.

"இதை ஃபார்மேட் பண்ணி சினிமா ஏத்திக்கவாம்மா?"

"ஆவணி முடியட்டும் சித்தப்பா."