கான் சாகிபுக்கு ஒரு துரோகி போதுமா?

மருதநாயகம் என்கிற யூசுப் கானின் வாழ்க்கையை எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு சதிக்கதைத் தொடராக எடுக்க வேண்டும் என்பது நண்பர் ஒருவரின் நெடுநாள் கனவு. திண்டுக்கல்லில் அண்மையில் நடந்த ஒரு கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது அதை மறுபடியும் விரிவாகச் சொன்னார். முதல் பகுதி தூக்குமேடையில் தொடங்கும். பிறகு பின்னோக்கிச் செல்லும். காட்டிக்கொடுத்தவன் யார் என்பது ஏழாவது பகுதியில்தான் தெரியும். மாதிரிக்கு அவர் காட்டியது 2012இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்து 13 பகுதிகளோடு நின்றுபோன ‘லாஸ்ட் ரிசார்ட்’. அணு ஆயுதத் தாக்குதலுக்கு வந்த ஆணையை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்ட ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் தலைவனை அவனுடைய அரசே தாக்குகிற கதை அது. “நம்மிடமும் இப்படி ஒருவன் இருந்தான் சார், நாம்தான் எடுக்கவில்லை” என்றார்.

எடுக்காததே நல்லது என்பது என் கட்சி. அவரிடம் அன்று நின்றபடியே சொன்னதைக் கொஞ்சம் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கிறேன்.

எடுக்க முயன்றார்கள் என்பது ஊரறிந்த விஷயம். 1997 அக்டோபர் 16 அன்று சென்னையில் கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ தொடக்க விழாவுக்கு எலிசபெத் அரசியே வந்திருந்தார். யூசுப் கான் தூக்கிலிடப்பட்டது 1764 அக்டோபர் 15. 233 ஆண்டும் ஒரு நாளும் கழித்து, அவனைத் தூக்கிலிட உதவிய கம்பெனியின் நாட்டு அரசி விருந்தினராக வந்து அமர்ந்த அந்தக் காட்சியைவிடக் கூர்மையான ஒன்றை எந்தத் திரைக்கதையாசிரியரும் எழுதியிருக்க முடியாது. சுஜாதாவாலும். படம் பணமின்றி நின்றது. நின்றுபோன படத்துக்கு ஒரு வசதி உண்டு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆகவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது நம் கற்பனையில் மாபெரும் படமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை எனக்கு அதன்மேல் இளக்காரம் இல்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ கதைகளுக்காக வாரம் முழுதும் காத்திருந்த தலைமுறை நான். கதை முடிந்தால் தொடரும் முடியும் என்ற நாகரிகம் அன்று இருந்தது. அதற்கும் முன்னால் 1990இல் தூர்தர்ஷனில் ‘திப்பு சுல்தானின் வாள்’ வந்தபோது, ஹிந்தி ஒரு சொல்லும் புரியாமல் எங்கள் தெருவே ஒரு வீட்டில் கூடிப் பார்த்தது. மொழி புரியாவிட்டாலும் எங்களுக்கு ஒன்று புரிந்தது. மீர் சாதிக் கெட்டவன். திப்புவின் வீழ்ச்சியைப் பற்றி அந்தத் தொடர் என் பத்து வயதில் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். அதைத் தாண்டிவர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

சதிக்கதை என்ற வடிவம் மூன்றைக் கேட்கிறது: குற்றமற்ற ஒரு வீரன், மறைந்திருக்கும் ஒரு கை, அந்தக் கை வெளிப்படும் ஒரு கணம். முதலாவதிலேயே கான் சாகிபு தேறமாட்டான்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நத்தம் வழியாகப் போகிறவர்கள் கடக்கும் அந்தக் கணவாயை எடுத்துக்கொள்வோம். 1755இல் கர்னல் ஹெரோனின் படை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி பிடுங்கப் புறப்பட்டது. திருமோகூர்க் கோயில் விக்கிரகங்களைக் கவர்ந்து திரும்பிய அந்தப் படையை நத்தம் கணவாயில்தான் கள்ளர்கள் வழிமறித்துத் தாக்கினார்கள். அந்தப் படையெடுப்பில் கம்பெனிச் சிப்பாய்களோடு சென்றவன் யூசுப் கான். 1757இல் அதே கணவாயின் வாயிலில், திண்டுக்கல்லில் பௌஜ்தாராக இருந்து மதுரைப் பக்கம் இறங்கிய ஹைதர் அலியை அவன் முறியடித்தான். 1758-59இல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளை அறுத்துக் கம்பெனியைக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவன். 1761இல் புலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலை வீழ்த்தினான். பாளையங்கள் பக்கமிருந்து பார்த்தால் இந்தக் கதையில் துரோகி யார்? நண்பரின் தொடரில் புலித்தேவர் எத்தனையாவது பகுதியில் வருவார், எந்த முகத்தோடு வருவார் என்று கேட்டேன். ஒரு பாடல் காட்சி வைக்கலாம் என்றார். அந்த இடத்தில் என் தேநீர் ஆறிவிட்டது.

மறைந்திருக்கும் கை பற்றி. யூசுப் கான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து ஆண்டவன். ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் தருகிறேன், இன்னும் நான்காண்டு என்னிடமே விடுங்கள் என்று கேட்டான். மறுக்கப்பட்டது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குத் தன் கீழே இருக்க வேண்டியவன் நேரடியாகக் கம்பெனியோடு கணக்கு வைத்துக்கொள்வது பொறுக்கவில்லை. கம்பெனிக்கோ நவாபு கடன்பட்டிருந்தான். கடன்காரனின் வருமானம் குறைவதை எந்த வட்டிக்கடைக்காரன் விரும்புவான்? நீ நவாபின் ஆள்தான் என்று கம்பெனி கைகழுவியது. 1763இல் அவன் கீழ்ப்படிய மறுத்து பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான்.

எந்த 1763? பிப்ரவரி 10 அன்று பாரிஸில் இங்கிலாந்தும் பிரான்சும் கையெழுத்திட்டு ஏழாண்டுப் போரை முடித்துக்கொண்ட அதே 1763. அந்த ஒப்பந்தத்தின் 11ஆவது பிரிவு, முகமது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாக இரு நாடுகளும் ஏற்பதாகச் சொல்கிறது. அதாவது மதுரைக் கோட்டையில் அவன் எந்தக் கொடியை ஏற்றினானோ அந்தக் கொடிக்குரிய நாடு, அவன் யாரை எதிர்த்து அதை ஏற்றினானோ அவனையே அரசனென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தது. இதில் சதி எங்கே இருக்கிறது? எல்லாம் பகலில், முத்திரையோடு, மேசைமேல் நடந்தது. மதுரை என்று ஓர் ஊர் இருப்பதே அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? சதிகாரர்களே இல்லாத சதி இது. இதைக் காட்டத் தொடர்களுக்கு வழி தெரியாது. ஆகவே அவை ஒரு ஆளைத் தேடும்.

ஆள் கிடைக்கிறான். திவான் சீனிவாசராவ். கூடவே பிரெஞ்சுப் படைத்தலைவன் மார்ச்சந்து, ஹக்கீம் பாபா சாகிபு. மாதக்கணக்கான முற்றுகையில் வழிகள் அடைபட்டு, கோட்டைக்குள் உணவு தீர்ந்துபோன 1764 அக்டோபரில், தொழுகையில் இருந்தவனைத் தன் தலைப்பாகைத் துணியாலேயே கட்டிப் பிடித்துக்கொடுத்தார்கள் என்கின்றன பதிவுகள். இது துரோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டைக்குள் பட்டினி கிடந்தவர்களுக்கு அந்த இரவு என்னவாக இருந்தது? தலைவனுக்கு மானம் மிச்சமிருந்தது, மற்றவர்களுக்கு உயிர் மட்டுமே மிச்சமிருந்தது என்ற நிலையை ஒரு நாவலாசிரியன் எழுதலாம். சீனிவாசராவை உள்ளிருந்து எழுதிய ஒரு தமிழ்ச் சிறுகதையை நான் படித்ததில்லை. நம்முடைய பழக்கம் வேறு. 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் வேகத்தில் எட்டப்பன் என்பது ஒரு பாளையக்காரனின் பெயராக இருப்பதை விட்டு, தமிழில் ஒரு பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. வகுப்பில் விடைத்தாளைக் காட்டாத பையனைக்கூட மாணவர்கள் எட்டப்பன் என்கிறார்கள் (காட்டாதவன் எப்படி எட்டப்பன் ஆவான் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்). சீனிவாசராவின் பெயரோடு அவன் சாதியும் சேர்ந்தே திரையில் வரும். கானின் பிறப்புக்கு உரிமை கோருகிற சாதியும், அவன் தழுவிய மதமும் எதிர்ப்பக்கம் நிற்கும். எட்டுப் பகுதிகள் முடிவதற்குள் 18ஆம் நூற்றாண்டுக் குத்தகைக் கணக்கு ஒன்று இன்றைய தெருச்சண்டையாகியிருக்கும். நண்பர் இதை மிகைப்படுத்தல் என்கிறார். கொஞ்சம் மிகைதான்.

மூன்றாவது, வெளிப்படும் கணம். நம் கதைப்பாடல்காரர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்படுவான் என்று தெரிந்துதான் ஊர் கூடி விடிய விடிய உட்கார்ந்திருந்தது. நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘கான்சாகிபு சண்டை’யைக் கேட்டவர்களுக்கும் முடிவு முன்பே தெரியும். யார் செய்தார் என்ற கேள்வியை முதலிலேயே எடுத்துவிட்டால், கேட்பவர் அந்த மனிதனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. அவன் கேட்காமல் விட்ட எச்சரிக்கைகள், அவன் செய்த கொலைகள், அவன் கட்டிய கரைகள் எல்லாம் கண்ணில் படுகின்றன. பாளையக்காரர்களைப் பாடிய அதே தமிழ் அவர்களை வேட்டையாடியவனையும் பாடியிருக்கிறது. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ள எழுத்தறியாதவர்கள் என்று நாம் நினைக்கும் அந்தக் கேட்போருக்கு முடிந்திருக்கிறது. கயிறு இருமுறை அறுந்ததாம், மூன்றாவது முறைதான் உயிர் போனதாம். உடலைத் துண்டாடிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்களாம். நமக்கு அருகில் பெரியகுளத்துக்கும் ஒரு துண்டு வந்தது என்பது வாய்மொழி. சம்மட்டிபுரத்துத் தர்காவில் இன்றும் விளக்கெரிகிறது.

நண்பருக்கு ஒரு சமரசம் சொன்னேன். எடுங்கள், ஆனால் முதல் காட்சி பாரிஸில், ஒரு குமாஸ்தா 11ஆவது பிரிவை நகலெடுப்பதில் தொடங்கட்டும். இரண்டாவது பகுதி முழுக்க நெற்கட்டுஞ்செவலில் நடக்கட்டும். துரோகியின் பெயரை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, அதற்கு யார் சார் பணம் போடுவார்கள் என்றார். பேருந்து வந்துவிட்டது. தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார்.