பட்டாளத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்!

பட்டாளத்திலிருந்து திரும்பியவர் வீடு என்றால் அங்கே கட்டாயம் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கும். கட்டிலுக்கு அடியிலோ பரண் மேலோ கிடக்கும். மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர், ஒரு பதவி, ஒரு பெயர். "அதைத் தொடாதே, காகிதமெல்லாம் கலைந்து போகும்" என்று வீட்டுக்காரர் சொல்லி வைத்திருப்பார். நீங்களும் 'நமக்கேன் வம்பு' என்று அந்தப் பக்கமே போவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அந்துருண்டை போடுவதோடு சரி.

சகோதரிகளே, வருகிற ஞாயிற்றுக்கிழமை சமையலைச் சற்றுச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அவரையே திறக்கச் சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாருங்கள். பழைய போட்டோக்களைப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டு முடிக்கட்டும். பிறகு காரியத்துக்கு வாருங்கள்.

முதலில் எடுக்க வேண்டியது டிஸ்சார்ஜ் புத்தகம். அவர் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் வந்தார், எந்தக் காரணத்தால் வந்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டாவது, பென்ஷன் ஆணை. பி.பி.ஓ. என்று அவர்கள் சொல்வது இதைத்தான். மூன்றாவது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கொடுத்த அடையாள அட்டை. இந்த மூன்றில் எது இல்லையென்றாலும் இன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அவற்றில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது!

கல்யாணத்துக்கு முன் உங்கள் இனிஷியல் அப்பா பெயர். கல்யாணத்துக்குப் பின் வீட்டுக்காரர் பெயர். பள்ளிச் சர்ட்டிபிகேட்டில் மகாலட்சுமி. வீட்டில் கூப்பிடுவது லட்சுமி. அவர் லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போய், யூனிட் ஆபீஸில் 'லட்சுமி' என்று எழுதிக் கொடுத்திருப்பார். அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு நம் இனிஷியல் வழக்கம் புரியாது. குடும்பப் பெயர் எது என்று கேட்டிருப்பார், அப்பா பெயரையும் சேர்த்து நீட்டி எழுதியிருப்பார். பிறந்த தேதியை ஒரு குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். ஆதாரில் ஒன்று, பாங்கு புத்தகத்தில் ஒன்று, பட்டாளத்து ரிகார்டில் ஒன்று என்று ஒரே பெண் மூன்று பெண்களாக ஆகிவிடுகிறாள்.

அவர் இருக்கிறவரையில் இது யார் கண்ணிலும் படாது. மாதா மாதம் பென்ஷன் வந்துகொண்டிருக்கும். அவர் காலமான பிறகு குடும்ப பென்ஷனுக்கு மனுப் போடும்போதுதான், "இந்த லட்சுமி நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்பார்கள். கேட்பவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் காகிதத்தைத்தான் பார்க்க முடியும். துக்க வீட்டில் அழுவதற்கே நேரமில்லாதபோது தாலூகா ஆபீஸுக்கும் நோட்டரியிடமும் நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

இதையே இன்றைக்குச் செய்தால் அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். கல்யாணப் பதிவுச் சான்று, ஆதார், பெயர் வித்தியாசத்துக்கு ஒரு பிரமாணப் பத்திரம் இவற்றோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்து அவருடைய ரிகார்டு ஆபீஸுக்கு எழுதுவார்கள். மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனில், மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரில், சிக்னல்ஸுக்கு ஜபல்பூரில் என்று ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு ரிகார்டு ஆபீஸ் உண்டு. அங்கே திருத்தம் ஏறிவிட்டால் உங்கள் தலைமாட்டில் இருந்த ஒரு பாரம் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளின் பெயர்களையும் பாருங்கள். இரண்டாவது பெண் பிறந்ததை எழுத மறந்தவர்கள் எத்தனையோ பேர்! முக்கியமாக, மனவளர்ச்சியோ உடலோ குன்றிய பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பெயர் ரிகார்டில் இருந்தே ஆக வேண்டும். தாயும் தகப்பனும் போன பிறகும், தானே சம்பாதிக்க முடியாத அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப பென்ஷன் கிடைக்க விதியில் இடம் இருக்கிறது. பெற்றோரை நம்பியிருக்கிற மணமாகாத பெண்ணுக்கும், கணவனை இழந்தோ விவாகரத்தாகியோ தாய் வீடு வந்துவிட்ட பெண்ணுக்கும், வருமான வரம்புக்கு உட்பட்டு, 25 வயதுக்கு மேலும் அந்த உரிமை உண்டு. 'எனக்குப் பிறகு இதற்கு யார்?' என்று ராத்திரியில் தூக்கம் வராமல் புரளுகிற தாய்க்கு இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்?

சரி, மாவட்ட அலுவலகம் என்றேனே, அது என்ன? பழைய மனிதர்கள் 'சோல்ஜர் போர்டு' என்பார்கள். பென்ஷன் கொடுப்பது மத்திய சர்க்கார். ஊர் திரும்பிய பின் சிப்பாயின் குடும்பத்தைக் கவனிக்கிற இந்த அலுவலகத்தை நடத்துவது மாநில சர்க்கார். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நலத்துறை என்றே ஒரு துறை இருக்கிறது. பென்ஷன் வருகிறது என்பதற்காக இங்கே தானாகப் பெயர் பதிவாகிவிடாது. நேரில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். வேறு மாவட்டத்துக்குக் குடி போனால் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கணவர் காலமாகிவிட்டால் மனைவி தன் பெயருக்குத் தனி அடையாள அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அங்கே என்னதான் கிடைக்கும் என்கிறீர்களா? பிள்ளைகளுக்குப் படிப்பு உபகாரச் சம்பளம், பெண் கல்யாணத்துக்கு உதவி, ஈமச் சடங்குக்கு உதவி, மூக்குக் கண்ணாடி வாங்கக்கூட ஒரு மானியம். புற்றுநோய், பக்கவாதம் போன்ற நோயில் விழுந்தவர்களுக்கு மாதாந்திர உதவி. இரண்டாம் உலகப் போரில் பணி செய்தவர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் மாநில சர்க்காரே மாதா மாதம் கொடுக்கிற உதவித் தொகை ஒன்று தனியாக உண்டு. பதவியையும் வருமானத்தையும் பார்த்துத் தருகிறவை இவற்றில் பல. தொகையும் அவ்வப்போது மாறும். ஆகையால் அடுத்த வீட்டு மாமி சொன்ன கணக்கை நம்பாமல் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் மருத்துவத்துக்கும் என்ஜினீயரிங்குக்கும் விண்ணப்பம் போடும்போது முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்கள் உண்டு. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப மறந்தால் அதிகாரி வந்து ஞாபகப்படுத்த மாட்டார்! மார்க் வந்தபின் சான்றிதழுக்கு ஓடாமல், முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் நாற்பது வயதுக்குள் திரும்பிவிட்டவரா? பகலெல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து உங்களுக்கு டிரில் சொல்லிக் கொடுக்கிறாரா? அவருக்கும் வழி இருக்கிறது. வேலைக்குப் பதிவு செய்துகொள்வதும் இந்த மாவட்ட அலுவலகத்தில்தான். தமிழ்நாடு போலீஸ் ஆள் சேர்ப்பில் நூற்றுக்கு 5 இடம் முன்னாள் படைவீரருக்கு. 1986-இல் மாநில சர்க்கார் 'டெக்ஸ்கோ' என்ற கழகத்தை ஏற்படுத்தியது. காவல் வேலை போன்றவற்றுக்கு அது முன்னாள் படைவீரர்களை அனுப்புகிறது. சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்காக 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்ற திட்டத்தை 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்தார்கள். ஒரு கோடி ரூபாய் வரை பாங்குக் கடன், அதில் 30 சதவிகிதம் மூலதன மானியம், வட்டியில் 3 சதவிகிதம் சலுகை என்பது அந்த அறிவிப்பு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். சிப்பாய்க்குப் பென்ஷன் என்றால் பொதுவாக 15 வருஷம் சேவை முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே ஊர் திரும்பியவர்களில் பலருக்குப் பென்ஷன் இல்லை. வயது போய்விட்டது, கையில் வேலை இல்லை, "நானும் பட்டாளத்தில் இருந்தேன்" என்ற பேச்சுதான் மிச்சம். அவர்கள் போய்விட்டால் மனைவிக்கு அந்தப் பேச்சும் இல்லை. இத்தகையவர்களில் ஹவில்தார் பதவி வரை இருந்து, 65 வயது தாண்டி, வேறு வருமானம் இல்லாதவர்களுக்கும், அவர்களுடைய விதவைகளுக்கும் மத்திய சைனிக் போர்டு மாதாந்திர உதவி தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக உயர்த்தினார்கள். நவம்பர் 1 முதல் போடுகிற மனுக்களுக்கு அந்தக் கணக்கு. அதே சமயத்தில், இரண்டு பிள்ளைகள் வரை படிப்புக்குத் தருவதை மாதம் 1,000-லிருந்து 2,000 ஆகவும், இரண்டு பெண்கள் வரை கல்யாணத்துக்குத் தருவதை 50,000-லிருந்து ஒரு லட்சமாகவும் உயர்த்தினார்கள். விதவை மறுமணம் செய்துகொண்டாலும் அந்தக் கல்யாண உதவி உண்டு. சர்க்காரே கல்யாணச் சீர் கொடுக்க முன்வரும்போது நாம் ஏன் மூக்கால் அழ வேண்டும்?

பணம் டில்லியிலிருந்து வந்தாலும் மனுவைக் கொடுக்க வேண்டியது நம் மாவட்ட அலுவலகத்தில்தான். ஒரே செலவுக்கு மாநிலத்திலும் மத்தியிலும் இரண்டு கையாலும் வாங்க முடியாது. எது அதிகம், எதற்கு நீங்கள் தகுதி என்று கேட்டுவிட்டு மனுப் போடுங்கள். கெடு தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து பேரன் பிறந்தபின் போய் நின்றால் கை விரிப்பார்கள்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு கிழவி இருக்கக்கூடும். கோவில் வாசலில் பூக் கட்டுகிறவளாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்கே பத்துத் தேய்க்க வருகிறவளாகவும் இருக்கலாம். "உன் வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் பாட்டி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "மிலிட்டரியிலே இருந்தாரு, பாதியிலே வந்துட்டாரு" என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று விசாரித்து, உங்கள் பெண்ணையோ பிள்ளையையோ கூட அனுப்பி மனு எழுதிக் கொடுங்கள். பஸ் சார்ஜும் ஒரு நாள் மெனக்கேடும்தான் செலவு. அவளுக்கோ கஞ்சிக்குக் கவலையில்லை என்று ஆகிவிடும்.

"தர்மப் பணத்தை வாங்கவா?" என்று கூசுகிறவர்கள் உண்டு, முக்கியமாகக் கௌரவமாக வாழ்ந்த குடும்பங்களில். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் நாடு முழுவதும் கொடி நாள் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு வந்த சின்னக் கொடி ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காசு இந்தக் குடும்பங்களுக்காகத்தான் சேர்க்கப்படுகிறது. பனியிலும் மணலிலும் காவல் நின்றவருக்கு நாட்டு மக்கள் பட்டிருக்கிற கடன் அது. கடனைத் திருப்பி வாங்கிக்கொள்ள யாராவது வெட்கப்படுவார்களா?

ஒரு எச்சரிக்கையும் சொல்லி விடுகிறேன். மனுவுக்குக் கமிஷன் கேட்கிற தரகர் யாரும் உங்களுக்குத் தேவையில்லை. "பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், போனில் வந்த நம்பரைச் சொல்லுங்கள்" என்று எவராவது இனிக்க இனிக்கப் பேசினால் போனை வைத்துவிடுங்கள். உயிருடன் இருப்பதற்கான சான்றை வருஷம் ஒரு முறை கொடுக்க வேண்டும் என்பதும் ஞாபகமிருக்கட்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. பட்டாளத்துக்காரர் கல்யாண நாளை மறப்பார், உங்கள் பிறந்த நாளையும் மறப்பார். தம்முடைய ஆர்மி நம்பரை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த நம்பரோடு பதவி, படைப்பிரிவு, ரிகார்டு ஆபீஸ், பென்ஷன் ஆணை எண், பாங்குக் கணக்கு எண் இவ்வளவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள். பால் கணக்குக்கும் சீட்டுப் பணத்துக்கும் நோட்டுப் போடுகிற உங்களுக்கு இது ஒரு பிரமாதமா? எழுதி முடித்ததும் நம்பரை மட்டும் மனப்பாடம் செய்து அவரிடம் ஒப்பித்துக் காட்டுங்கள். மனுஷர் அசந்து போவார்!