மோட்டார் மேலே வரட்டும், மனிதன் கீழே இறங்க வேண்டாம்

நாற்றம் பிடித்த சப்ஜெக்ட்தான் மக்களே, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது படித்துவிடுங்கள்.

நம்மூரில் செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி வரும், உறிஞ்சும், போய்விடும். இங்கே ஹைதராபாத் அபார்ட்மெண்ட்களில் இன்னொரு சமாச்சாரம் உண்டு. செல்லார் ரோட்டு டிரைனேஜை விடப் பள்ளத்தில் இருந்தால், அங்கே சேரும் கழிவுநீரைக் குழியில் தேக்கி மோட்டார் போட்டு மேலே தள்ள வேண்டும். அந்த மோட்டார் மக்கர் பண்ணினால் எலெக்ட்ரீஷியன் வருவார். "ஏம் காது சார்" (ஒண்ணும் ஆகாது) என்று பேண்டை மடித்துக்கொண்டு இறங்கப் பார்ப்பார். நாமும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம்.

ஆகும் சார்! குழியில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், வாடை தெரியாது. மீத்தேனும் இருந்தால் ஒரு தீப்பொறி போதும்.

ஆபத்தான முறையில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுத்தம் செய்ய இறங்கினாரா, ரிப்பேருக்கு இறங்கினாரா என்று விஷவாயு விசாரிக்காது.

2017-ல் ஹைதராபாத் குடிநீர் வாரியம், சந்துகளில் நுழையும் 70 சின்ன ஜெட்டிங் வண்டிகளை இறக்கியது. தெருச் சாக்கடைக்கு மெஷின் வந்தாச்சு. நம் காம்பவுண்டுக்குள் இருக்கும் குழிக்கு?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மோட்டாரைச் சங்கிலியில் கட்டி, கைடு பைப்பில் இறக்கினால் மேலே நின்றே இழுத்துவிடலாம். ஒயர் ஜாயிண்ட் குழிக்கு வெளியே, உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர் அளவு பார்த்து ஓட ஃப்ளோட் சுவிட்ச், நிரம்பினால் கத்த ஒரு அலாரம். மூடியைத் திறக்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டுங்கள். ஒழுங்கான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான், ஆளைக் கொல்லும் சின்னக் கசிவு அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி. நம்ம பேங்க் கேஷியர் மாதிரி: போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் டேலி ஆகவில்லையா, கவுண்டரை மூடிவிடும் :-)

அசோசியேஷன் மீட்டிங்கில் இதற்கெல்லாம் "செலவு ஜாஸ்தி" என்பார்கள். கேட்டுக்கு கிரானைட் ஒட்டும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. வீட்டுக்கு எத்தனை ரூபாய் வருகிறது என்று வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகைக்காக ஒருவரை இறக்கிவிட்டு, அவர் பெண்டாட்டி பிள்ளைகளிடம் என்ன கணக்கு சொல்வது?

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பில்டிங்கில் கேட்டுப் பாருங்கள்: மோட்டார் ரிப்பேர் ஆனால் மேலே வருவது மோட்டாரா, கீழே போவது மனிதனா?