எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவது?

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் உயிர் விஞ்ஞான மாநாடு ஒன்றுக்குப் பதிவு செய்யப் பார்த்தேன். எந்த மாநாடு, யார் நடத்தியது என்று எழுதப் போவதில்லை. அவர்கள் மட்டும் செய்கிற பிழை இல்லை இது. நிகழ்ச்சிநிரலில் எங்கள் கடனீரேரியின் இறாலைப் பற்றியும் ஒரு கட்டுரை இருந்தது. உயர்தர வகுப்பில் அதைச் சொன்னேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "சேர், அப்ப நாங்களும் போகலாமோ?" என்று கேட்டாள். தகப்பன் வல்லைப் பக்கம் வீச்சுவலை போடுகிறவர். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

படிவத்தைத் திறந்தால் நான்கு பெட்டி. விரிவுரையாளர், பட்டப்பின் படிப்பு மாணவர், பட்டப்படிப்பு மாணவர், கம்பனிகளிலிருந்து வருவோர். ஆசிரியர் எங்கே? பாடசாலைப் பிள்ளை எங்கே? படிப்பிக்கிறவன்தானே என்று விரிவுரையாளர் பெட்டியில் புள்ளடி போட்டேன். நிறுவன மின்னஞ்சல் கேட்டது. எங்களிடம் இருப்பது ஜிமெயில், அது செல்லாதாம். எழுதிக் கேட்டேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: பாடசாலை ஆசிரியர்கள் தகுதி வரம்புக்குள் இல்லை, விரும்பினால் தொடக்க விழாவுக்கு வரலாம். தொடக்க விழா என்றால் விளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை. இறால் அடுத்த நாள்தான். (அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போய்வர எப்படியும் வழி பார்த்திருப்பேன், அது என் பிரச்சினை.)

இதில் எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் ஊர்தான். தொண்டைமானாறு என்றதும் தமிழ் மொழியில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வெளிக்கள நிலையம். உயர்தரப் பிள்ளைகள் அந்த வினாத்தாள்களோடு எத்தனை இரவு விழித்திருக்கிறார்கள்! அந்தத் தாள்களுக்குப் பின்னால் இருப்பது பாடசாலை ஆசிரியர்களின் உழைப்பு. இன்று மாநாட்டு மேடையில் இருக்கும் வடபகுதி விரிவுரையாளர் பலரும் அந்தத் தாள்களைச் செய்து பார்த்துவிட்டுத்தான் பல்கலைக்கழகம் போனவர்கள்.

அந்தப் பிள்ளையின் விசயத்துக்கு வருகிறேன். இறால் குஞ்சு கடலில் பிறந்து, கடனீரேரிக்குள் வந்து வளர்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்குப் போகும். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. எங்கள் ஆற்று வாயிலில் உவர்நீர்த் தடுப்பணை இருக்கிறது. கதவு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, மாரி வெள்ளத்தில் உப்பு எவ்வளவு குறைகிறது என்பதெல்லாம் அவளுடைய வீட்டுச் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டது. கட்டுரை வாசித்தவரிடம் அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவருக்கும் பயன்பட்டிருக்கும். அவளுக்கு எந்த அளவு பயன்பட்டிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏற்பாட்டாளர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மண்டபத்தில் இருக்கை குறைவு. பதிவுக் கட்டணத்துக்குள் பை, மதியச் சாப்பாடு, தேநீர், இரவு விருந்து எல்லாம் வருகிறது. ஆளுக்கு ஆள் செலவு. அப்படியானால் சாப்பாடும் பையும் இல்லாத ஒரு நாள் ரிக்கெற் போடுங்கள். நாங்கள் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வருவோம். பின்வரிசையில் பத்துக் கதிரை போதும்.

இன்னொரு சிக்கல் லீவு. கடமை லீவுக்கு அதிபரும் வலயமும் அழைப்புக் கடிதம் கேட்பார்கள். மாநாட்டுக்காரர் காசு கட்டின பிறகுதான் கடிதம் தருவார்கள். கட்டின காசு திரும்பாது. லீவு கிடைக்காவிட்டால் அந்தக் காசு போனதுதான். ஆசிரியர் சம்பளத்தில் யார் இந்தச் சூதாட்டத்துக்குப் போவார்? பெயரைப் பதிந்தவுடன் ஒரு கடிதம், லீவு உறுதியானதும் கட்டணம் என்று மாற்றினால் அவர்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை.

யாருக்கு உள்ளே இடம் என்கிற பேச்சு பழையது. பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1831இல் யோர்க் நகரில் தொடங்கியது. அடுத்த வருடம் ஒக்ஸ்போர்ட்டில் கூடியபோது, கட்டுரை வாசிக்கும் அமர்வுகளுக்குப் பெண்கள் வரக்கூடாது என்று புவிச்சரிதவியலாளர் வில்லியம் பக்லாந்து கருத்துச் சொன்னார். அவர்கள் வந்தால் கூட்டம் பொழுதுபோக்காகிவிடும் என்பது அவருடைய பயம். இன்றைக்கு உயிரியல் மாநாடுகளில் பாதி மண்டபம் பெண்கள்தான். விஞ்ஞானம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எங்கள் நாட்டிலும் கதவு எல்லாம் மூடியில்லை. இலங்கை உயிரியல் நிறுவகம் நடத்தும் உயிரியல் ஒலிம்பியாட் போட்டியை உயர்தரப் பிள்ளைகள் எழுதலாம். அதில் நன்றாகச் செய்பவர்கள் சர்வதேசப் போட்டிக்கே போகலாம், ஒரு நாட்டுக்கு 4 பேர். சோதனை எழுத வைத்து உலக மேடைக்கு அனுப்பத் தகுதியான வயது என்றால், உள்ளூர் மண்டபத்தில் இருந்து கேட்க மட்டும் ஏன் வயது போதாது?

எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். இந்தச் சங்கங்களில் அங்கத்தவராக எத்தனை ஆசிரியர்கள் விண்ணப்பித்திருக்கிறோம்? அங்கத்தவர் என்றால் பல இடங்களில் கட்டணமும் குறையும், கேள்வி கேட்கிற உரிமையும் வரும். நான் பதினைந்து வருடமாகப் படிப்பிக்கிறேன், இந்த வருடம்தான் அது என் புத்தியில் பட்டது. கேட்காத ஆட்களுக்கு யார் பெட்டி வைப்பார்கள்?

அதனால் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மாநாட்டுப் படிவங்களில் பாடசாலை ஆசிரியர், உயர்தர மாணவர் என்று இரண்டு பெட்டி, ஒரு நாள் ரிக்கெற், முதலில் கடிதம் பிறகு காசு, ஆய்வுச்சுருக்கங்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கமாவது. இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். வடமராட்சி, வலிகாமம் ஆசிரியர்கள் யார் கையொப்பம் வைக்க விருப்பமோ, இன்பொக்ஸில் பெயரும் பாடமும் அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், தவணை விடுமுறைக்கு முன் அனுப்பிவிடுவோம்.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் பாடமே அவர்களுடைய வகுப்பில்தான்.