மூச்சும் நெஞ்சும் காணியும்

கரம்பொனிலிருந்து 1990இல் புறப்பட்ட எம்மவரில் பலர், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்தும் புறப்பட வேண்டியதாயிற்று. இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னும் ஹெலிகொப்டர் இரைச்சல் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்போர் எம்மிடையே உளர். "எல்லாம் மனப்பிரமை" என்று அவர்களைத் தட்டிக்கழிப்பது தவறு என்பதே எமது கருத்து. அந்தப் படபடப்பு உடம்பில் உண்மையாகவே நிகழ்வது.

மூச்சை உள்ளே எடுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவுபடும். வெளியே விடும்போது தளரும். துலா ஏறி இறங்குவது போன்றது இது. 1847இல் ஜேர்மனிய உடலியலாளர் கார்ல் லுட்விக் இதைப் பதிவு செய்தார். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பே இதயத்தின் கடிவாளம். மூச்சை விடும்போது அது துடிப்பை இழுத்துப் பிடிக்கிறது. அச்சம் வந்தால் அந்தக் கடிவாளம் தளர்ந்து துடிப்பு ஓடுகிறது. மூச்சும் மேலோட்டமாக, வேகமாக வருவதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, தலை சுற்றி, விரல் விறைக்கும். அதைக் கண்டு அச்சம் மேலும் கூடும்.

இதற்கு மருந்து எம் கையிலுள்ள செபமாலையிலும் உண்டு. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. லத்தீனில் மங்கள வார்த்தை செபத்தைச் சொன்னபோதும், யோக மந்திரம் சொன்னபோதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயமும் இரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் இசைந்தன. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும், போரால் நொந்தோருக்கு அவரவர் சமய மரபிலுள்ள செபம், தியானம் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டுமென வலியுறுத்தினார்.

ஆனால் நாம் செபமாலையை எப்படிச் சொல்கிறோம்? முன்னே சொல்பவர் முடிக்குமுன் சபை தொடங்குகிறது. மூச்சு விட இடமில்லை. குடும்ப செபத்திலாவது ஆறுதலாகச் சொல்வோம். செபிக்காத வேளையிலும் நிமிர்ந்திருந்து, நான்கு செக்கன் மூச்சை எடுத்து, ஆறு செக்கன் மெல்ல விடலாம். ஐந்து நிமிடம் போதும். அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்துங்கள்.

இது இரத்த அழுத்தக் குளிசைக்குப் பதிலல்ல. நெஞ்சை அழுத்தும் நோவு, கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, மயக்கம் என்பன வந்தால் செபமாலை முடியும்வரை காத்திராது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூச்சுப் பயிற்சி கொடுத்தாயிற்று, இனி இவர்கள் அமைதியாக இருப்பார்கள் என்று எவரும் எண்ணலாகாது. உறுதி தொலைந்த காணியும் உவர் ஏறிய கிணறும் மூச்சுப் பயிற்சியால் சீராகா. நெஞ்சு ஆறுவது வாய் மூடுவதற்கன்று. காணிக் கச்சேரியில் நடுங்காத குரலில் எமது கேள்வியைக் கேட்பதற்கே.