காய்ந்த ரொட்டியும் கூடியுண்ணும் காலையும்



பிழைப்பினிமித்தம் சொந்த ஊரைவிட்டு நகரத்தில் குடியேறிய குடும்பங்களில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உண்பது அரிதாகிவிட்டது. தகப்பன் ஒரு வேளையில் புறப்படுகிறார். பிள்ளைகள் ஒரு வேளையில் பள்ளிக்குச் செல்கிறார்கள். சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் கணினி வேலை பார்க்கும் மூத்த மகன் இரவெல்லாம் விழித்திருந்து விடியற்காலையில் வீடு திரும்புகிறான். ஞாயிறு காலையோ ஆராதனைக்கு ஆயத்தமாகும் அவசரத்திலேயே கழிந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது சனிக்கிழமை காலை ஒன்றே. உபவாச ஜெபம் இல்லாத சனிக்கிழமைகளில், காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி, பத்து அல்லது பதினோரு மணிக்கு எல்லாரும் சேர்ந்து உட்காரும் பழக்கம் பல வீடுகளில் உண்டாகியிருக்கிறது. அது நல்ல பழக்கம். அந்த வேளைக்கு உகந்த எளிய பலகாரம் ஒன்றைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறேன்.

ஞாயமாய்ப் பார்த்தால் நமக்கு இட்லியும் தோசையும்தான். ஆனால் எங்கள் லேக் கார்டன்ஸ் பகுதியில் வாழும் தமிழ்ச் சகோதரிகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரே குறையைச் சொல்லுகிறார்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் கல்கத்தாவின் இரவு வெப்பம் 14 டிகிரி அளவிற்கு இறங்கிவிடுகிறது. மாலையில் அரைத்து வைத்த மாவு மறுநாள் காலையிலும் அரைத்தபடியே கிடக்கிறது. மாவைப் புளிக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் சோம்பிப்போவதே காரணம். லேக் மார்க்கெட்டில் இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் காப்பித்தூளும் கிடைக்கின்றன. ஆனால் மதுரையின் வெயிலை அங்கே வாங்க முடியாதே! அத்தகைய நாட்களில் கைகொடுப்பது, முதல்நாள் வாங்கி மீந்துபோன ரொட்டியும் நான்கு முட்டைகளும்தான்.

முட்டையில் தோய்த்துச் சுட்ட ரொட்டியை ஆங்கிலேயர் பிரெஞ்சு டோஸ்ட் என்பார்கள். தமிழகத்தில் சர்க்கரையும் பாலும் சேர்த்துச் செய்வதைப் பாம்பே டோஸ்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததும் அல்ல, பம்பாயில் பிறந்ததும் அல்ல. பழைய ரோமாபுரியின் சமையல் குறிப்புகளைக் கொண்ட ‘அபிசியஸ்’ என்னும் தொகுப்பிலேயே, ரொட்டியைப் பாலில் நனைத்து எண்ணெயில் பொரித்துத் தேன் ஊற்றிப் பரிமாறும் முறை இருக்கிறது. ஜெர்மானியர் இதனை ‘ஏழை வீரர்’ என்று அழைக்கிறார்கள். ஸ்பெயின் தேசத்தார் பரிசுத்த வாரத்தில் இதைச் செய்து உண்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரே எல்லாவற்றிலும் பொருள் நிறைந்தது. அவர்கள் மொழியில் இதன் பெயர் ‘இழந்துபோன ரொட்டி’. காய்ந்துபோய்க் கைவிடப்பட்டதை மீட்டெடுத்துப் பந்திக்குக் கொண்டுவருவதால் அப்பெயர் உண்டாயிற்று.

ஐயாயிரம் பேர் போஷிக்கப்பட்ட அந்தப் புல்வெளியை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. அப்பங்களைப் பெருகச்செய்தவருக்கு மீதியைச் சேர்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஆயினும் சேர்க்கச் சொன்னார், பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நிறைவு உண்டாயிருக்கும்போதும் வீணாக்கலாகாது என்பதே அங்கே நாம் கற்கும் பாடம்.

இனி வங்காளத்துக்கு வருவோம். ரொட்டிக்கு வங்காளிகள் ‘பாவுருட்டி’ என்கிறார்கள். இதன் முற்பகுதி போர்த்துக்கீசியரின் ‘பாவ்’ என்னும் சொல். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பதும் அதே சொல்லின் வழிவந்ததே. ஹூக்ளி நதிக்கரையில் வணிகம் செய்த போர்த்துக்கீசியர் 1599இல் பேண்டலில் ஆலயம் ஸ்தாபித்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த அடுப்பு ரொட்டியின் பெயர் இன்றும் இந்நகரத்தின் வாயில் நிலைத்திருக்கிறது. 1840களின் தொடக்கத்தில் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலுக்கு அடித்தளமிட்ட டேவிட் வில்சன், அதற்கு முன்னர் ரொட்டிக்கடை நடத்தியவர். அந்த ஹோட்டலின் ரொட்டி பல தலைமுறைகளுக்குக் கல்கத்தா வீடுகளில் பேர்பெற்றிருந்தது.

நம் ஊரிலோ ரொட்டிக்கு வேறு சரித்திரம். காய்ச்சல் கண்டவனுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பதும், ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிச் செல்வதுமே ரொட்டி. 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னரே, உறையிட்ட துண்டு ரொட்டி நடுத்தரக் குடும்பங்களுக்குள் பரவலாக நுழைந்தது. ஆகையால் ‘ரொட்டி வியாதிக்காரர் உணவு’ என்று முதியவர்கள் முகம் சுளித்தால் அவர்களைக் குறைசொல்லாதீர்கள். சுடச்சுட ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள்.

கல்கத்தாவின் அலுவலக வட்டாரமாகிய டல்ஹௌசி சதுக்கத்தின் நடைபாதைக் கடைகளில் விற்கப்படும் ‘டிம் டோஸ்ட்’ இனிப்பானதன்று. வங்காளத்தில் ‘டிம்’ என்றால் முட்டை. வெங்காயமும் பச்சைமிளகாயும் கலந்த முட்டையில் ரொட்டியைத் தோய்த்து, தகட்டில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் தருகிறார்கள். நம் நாக்குக்கும் இதுவே பொருந்துகிறது. வீட்டில் செய்யும் முறை பின்வருமாறு.

நால்வருக்கு வேண்டியவை: ரொட்டித் துண்டுகள் 8, முட்டை 4, பால் 4 மேசைக்கரண்டி, நடுத்தர வெங்காயம் 1, பச்சைமிளகாய் 2, பொடியாக நறுக்கிய கொத்தமல்லித்தழை 2 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை சிறிது, உப்பு முக்கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. சுடுவதற்கு எண்ணெய், துண்டுக்கு ஒரு தேக்கரண்டி வீதம்.

முதலாவது ரொட்டி. அன்றைக்குச் சுட்ட மிருதுவான ரொட்டி இதற்கு உதவாது. அது முட்டையைக் கண்டதும் குழைந்து கிழியும். ஒரு நாள் அல்லது இரண்டு நாள் பழகிய ரொட்டியே உத்தமம். ரொட்டி இறுகுவதற்கு ஈரம் உலர்வது மாத்திரம் காரணமன்று. வேகும்போது குழைந்த மாவுச்சத்து, ஆறியபின் மறுபடியும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கெட்டிப்படுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் இது இன்னும் விரைவாக நடக்கும். மறுபடியும் சூடுபடுத்தினால் அந்த இறுக்கம் தளரும். காய்ந்த ரொட்டி முட்டையை உறிஞ்சித் தோசைக்கல்லில் சூடேறும்போது மீண்டும் மென்மையடைவதன் இரகசியம் இதுதான். புது ரொட்டிதான் இருக்கிறது என்றால், துண்டுகளைத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் காற்றாட வையுங்கள்.

இங்கே ஒரு எச்சரிப்பு. காய்ந்தது வேறு, பூசணம் பிடித்தது வேறு. கல்கத்தாவின் மழைக்காலத்தில் இரண்டாம், மூன்றாம் நாளிலேயே பச்சைப் புள்ளி தோன்றிவிடும். அந்த இடத்தை மட்டும் கிள்ளியெறிந்துவிட்டு மற்றதைச் சுடுவது சிக்கனமன்று, ஆபத்து. மிருதுவான ரொட்டிக்குள் பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

இரண்டாவது முட்டைக் கலவை. முட்டைகளை ஒவ்வொன்றாகச் சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். தண்ணீரில் இட்டால் மிதக்கும் முட்டை பழையது, அதைத் தவிருங்கள். பால், உப்பு, மஞ்சள்தூள், மிளகுத்தூள் சேர்த்து வெண்கருவும் மஞ்சள் கருவும் ஒன்றாகும்வரை அடியுங்கள். பாலைக் கூட்டாதீர்கள். இனிப்பு ரொட்டிக்குப் பால் அதிகம் தேவைப்படலாம், காரமானதற்கு அதிகமானால் நடுவில் சதசதப்பு நின்றுவிடும். வெங்காயத்தை அரிசியளவுக்குப் பொடியாக நறுக்கி, கடைசி நேரத்தில் சேருங்கள். முன்கூட்டியே உப்போடு ஊறினால் நீர்விட்டுக் கலவையை நீர்க்கச்செய்யும்.

மூன்றாவது தோய்த்தல். அகலமான தட்டில் கலவையை ஊற்றி, காய்ந்த துண்டைப் பக்கத்துக்கு 15 விநாடி வையுங்கள். சற்று மிருதுவானதற்கு 5 விநாடி போதும். அதற்குமேல் ஊறினால் எடுக்கும்போதே பிய்ந்துபோகும்.

நான்காவது சுடுதல். இரும்புத் தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். கடுகெண்ணெய் என்றால், புகை எழும்வரை காய்ச்சிப் பின்பு தீயைக் குறையுங்கள், அப்பொழுது அதன் கடுமை தணியும். துண்டை வைத்தபின், தட்டின் அடியில் தங்கிய வெங்காயத்தையும் மிளகாயையும் கரண்டியால் அள்ளி அதன்மேல் பரப்புங்கள். பலருக்கும் வெங்காயம் ரொட்டியில் ஒட்டாமல் உதிர்ந்து கருகுகிறது. இப்படிச் செய்தால் திருப்பும்போது முட்டையோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். மூடியிட்டு இரண்டு நிமிடம், திருப்பி மூடாமல் இரண்டு நிமிடம். தீ அதிகமானால் மேற்புறம் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். நடுவில் அழுத்தினால் ஈரம் கசியாமல் இருக்கவேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பவதிகளுக்கும் முதியோருக்கும் பச்சை முட்டை தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதால் இதில் அவசரம் கூடாது. கோடைகாலத்தில் அடித்து வைத்த முட்டைக் கலவையை ஒரு மணி நேரத்திற்குமேல் வெளியே வைக்காதீர்கள்.

மூலைக்கு மூலை வெட்டி, சுடச்சுடப் பரிமாறுங்கள். வங்காளிகள் கடுகைப் புளிக்கவைத்து அரைத்த ‘காசுந்தி’யைத் தொட்டுக்கொள்வார்கள். நமக்குத் தக்காளிச் சட்னியோ புதினாச் சட்னியோ போதும். முட்டை ஒவ்வாத பிள்ளைக்குக் கடலைமாவைத் தோசைமாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து, அதே வெங்காயமும் மிளகாயும் சேர்த்துத் தோய்த்துச் சுடலாம். அதைத் தனிக் கல்லில், தனிக் கரண்டியால் முதலாவது செய்துவிடுங்கள். அந்தப் பிள்ளையும் மற்றவர்களைப்போலவே தட்டோடு பந்தியில் இருக்கட்டும்.

ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. தேநீரில் பிஸ்கட்டை நனைத்துத் தின்று வாரம் முழுவதும் ஓடுகிற பிள்ளைகளுக்கு, ஜாம் தடவிய ரொட்டியைவிட இது நிலைநிற்கும் ஆகாரம்.

முடிவாக ஒரு காரியம். இதை எழுதத் தூண்டியதும் அதுவே. நம் வீடுகளில் தோசை வார்க்கும் நாளில் யார் கடைசியில் உண்கிறார்கள்? பதில் எல்லாருக்கும் தெரியும். கணவருக்குச் சூடாக, பிள்ளைகளுக்கு முறுகலாக, விருந்தாளிக்கு நெய்யிட்டு வார்த்துக் கொடுத்த தாய், எல்லாரும் எழுந்து கைகழுவிய பின்னர், ஆறிய இரண்டு தோசைகளோடு தனியே உட்காருகிறாள். எல்லாரும் கூடியுண்ட காலை என்று நாம் சொல்லுகிறோம். அவள் அந்தப் பந்தியில் இருந்தாளா?

இந்த முட்டை ரொட்டி அந்தக் குறையைத் தீர்க்க உதவும். பதினான்கு வயது மகனும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. மகள் வெங்காயம் நறுக்கட்டும், மகன் முட்டை அடிக்கட்டும், தகப்பன் தோசைக்கல்லின் முன் நிற்கட்டும். பெரிய கல்லில் ஒரே தடவையில் நான்கு துண்டுகள் போடலாம். முதலில் சுட்டதை மூடிய பாத்திரத்தில் அடைத்தால் நமத்துப்போகும். தட்டில் பரப்பி மெல்லிய துணியால் மூடினால் பத்து நிமிடம் தாங்கும். எட்டுத் துண்டுகளும் ஆயத்தமானபின் அடுப்பை அணைத்துவிட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். ஸ்தோத்திர ஜெபத்தைத் தாயும் உட்கார்ந்தபின்னரே ஏறெடுங்கள்.

வீட்டைவிட்டு வந்து தனியறையில் தங்கி வேலை தேடும் வாலிபர்கள் நம் சபைகளில் அநேகர். சனிக்கிழமை காலை அவர்களுடைய மெஸ் திறந்திருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. அவர்களில் ஒருவனை அழைக்க உங்களுக்கு மேலும் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு முட்டையும் போதும். அடுத்த வீட்டு வங்காளிக் குடும்பத்துக்கும் ஒரு தட்டு அனுப்புங்கள். அவர்களுக்கு இது தங்கள் வீட்டுப் பலகாரம். நீங்கள் போட்ட கறிவேப்பிலையை மட்டும் அவர்கள் புதிதாய்க் காண்பார்கள்.

இழந்துபோனது என்று பேர்பெற்ற ரொட்டி பந்திக்குத் திரும்பும்போது, அடுப்படியில் தனித்துப்போன தாயும், அறையில் தனித்துப்போன வாலிபனும் அதே பந்தியில் காணப்படுவார்களாக.