ஸ்கேன் அறைக்கு வெளியே நிற்பவர்கள்

2012 மே 6 அன்று ஆமிர் கானின் ‘சத்யமேவ ஜயதே’ தொலைக்காட்சித் தொடர், கருவிலேயே பெண் குழந்தை அழிக்கப்படுவதைப் பற்றிய அத்தியாயத்தோடு தொடங்கியது. ராஜஸ்தானில் ரகசிய கேமராவோடு போய், மருத்துவர்கள் விலை பேசுவதைப் பதிவு செய்த இரண்டு பத்திரிகையாளர்கள் அதில் பேசினார்கள். அவர்கள் அதைப் பதிவு செய்தது 2005-ல். நாடே கொதித்தது. அந்த வழக்குகளை விசாரிக்க விரைவு நீதிமன்றத்துக்கு முயற்சி எடுப்பதாக ராஜஸ்தானின் அன்றைய முதல்வர் அசோக் கெலாட் சொன்னார்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. வில்லன் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். நாம் சோபாவில் இருப்போம்.

தருமபுரிக்கு அந்தச் சௌகரியம் பொருந்தாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கும் வந்தது. அந்தக் காலத்தில் கொலை குழந்தை பிறந்த பிறகு நடந்தது, ஊருக்குத் தெரிந்தே நடந்தது. இப்போது நடப்பது நான்காம் மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. 2022-ல் தருமபுரியில் ஒரு வீட்டில் கையடக்க ஸ்கேன் கருவி வைத்துப் பாலினம் சொல்லிவந்த கும்பல் பிடிபட்டது. மறு ஆண்டு பக்கத்து மாநிலத்து மாண்டியாவில் வெல்லம் காய்ச்சும் ஆலையே ஸ்கேன் அறையாகியிருந்தது தெரியவந்தது. இந்தத் தொழிலுக்குக் கட்டடம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். சில சமயம் மருத்துவரே வேண்டாம். வேண்டியதெல்லாம் ஆள் பிடித்துத் தரும் புரோக்கரும், வண்டியும், “மூணாவதும் பொண்ணா?” என்று கேட்கும் சொந்தபந்தமும்தான்.

கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்ட சட்டம். ஸ்கேன் செய்தவருக்கு முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறை. செய்யச் சொல்லிக் கேட்டவருக்கும் அப்படியே. கர்ப்பிணியை மட்டும் அது வேறாகப் பார்க்கிறது: கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே முதலில் கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மற்றவர்களுடையது. மாமியார் வீட்டுக் கூடத்தை அறிந்தவர்கள் எழுதிய பிரிவு போலிருக்கிறது.

அதற்காகக் கருக்கலைப்பு செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணையும் சந்தேகிக்கத் தொடங்கினால் அது வேறொரு கொடுமை. கருக்கலைப்புக்கு 1971 முதல் தனிச்சட்டம் இருக்கிறது. அந்த வழி அடைபட்டால் அவள் போலி மருத்துவரிடம்தான் போவாள். கேள்வி கேட்க வேண்டியது புரோக்கரை, பதிவில்லாத கருவியை, அதை விற்றவரை.

இதைத் தடுக்கும் பொறுப்பு முழுவதையும் கிராம சுகாதார செவிலியர்மீது ஏற்றுவதும் நியாயமில்லை. அதே ஊரில் வேலை செய்பவர் தனியாளாக யாரைப் பகைத்துக்கொள்வார்? அவர் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் மகளிர் குழுக்கள், ஊராட்சி உறுப்பினர்கள், நேர்மையாகத் தொழில் செய்யும் ஸ்கேன் மைய மருத்துவர்கள். பாலக்கோட்டையோ அரூரையோ சுற்றியுள்ள ஊராட்சிகளில் கூடும் கிராமசபையில் குடிநீர்க் கணக்கோடு, அந்த ஆண்டு பிறந்த ஆண், பெண் குழந்தைகளின் எண்ணிக்கையையும் வாசிக்கலாம். யார் பெயரும் வேண்டாம், எண் போதும்.

சட்டத்தின் 28-ஆம் பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. புகார் தரப்போவதாகப் பொறுப்பு அதிகாரிக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, அதன்பின் எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்துக்குப் போகலாம், அமைப்புகளும் போகலாம். ரகசிய கேமரா தேவையில்லை.